ஆறு அரிக்கும் மேடு

பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டால் போதும். நெல்லித்தோப்பு வீடுகளில் விருந்தாளிகள் நிறைந்து விடுவார்கள். விழுப்புரத்திலிருந்து அத்தை வருவாள். சேலத்திலிருந்து சித்தப்பா குடும்பம் வரும்.

வந்தவர்களை எங்கே அழைத்துப் போவது? எல்லா வீட்டிலும் ஒரே வழிதான். மணக்குள விநாயகர் கோயில், பாரதி பூங்கா, கடற்கரைச் சாலை, காந்தி சிலை. மாலைக்குள் எல்லாம் தீர்ந்து விடும்.

"மாமா, நாளைக்கு எங்கே?" என்று பிள்ளைகள் கேட்கும். மாமா விழிப்பார்.

அவர் விழிக்க வேண்டியதே இல்லை. நெல்லித்தோப்பிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தெற்கே போனால் ஓர் ஆறு. ஆற்றங்கரையிலே ஒரு மேடு. அந்த மேட்டிலே சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இத்தாலி நாட்டுத் தட்டுகள் புழங்கி இருக்கின்றன! கிரேக்கத் தீவிலிருந்து திராட்சை மது, ஜாடி ஜாடியாக வந்து இறங்கி இருக்கிறது!

அதுதான் அரிக்கமேடு. அரியாங்குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

புதுச்சேரிக்காரர்களில் பலர் அங்கே ஒரு தடவை போய் இருப்பார்கள். அரை மணி நேரத்தில் திரும்பியும் இருப்பார்கள். "என்ன இருக்கிறது அங்கே? நாலு மரமும் ஒரு குட்டிச் சுவரும்தானே!" என்பார்கள்.

அவர்கள் சொல்வது பொய் அல்ல. தோண்டிய குழிகளை எல்லாம் மூடி விட்டார்கள். எடுத்த பொருள்கள் அருங்காட்சியகத்துக்குப் போய் விட்டன. எட்டிப் பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒன்றும் இல்லைதான். இரண்டு நாள் தங்கிப் பார்த்தால் கதை வேறு.

ஆறும் பாலமும்

நெல்லித்தோப்பிலிருந்து கடலூர் சாலையைப் பிடிக்க வேண்டும். 2020ல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. பஞ்சாலை வரும். பிறகு முதலியார்பேட்டை. பிறகு முருங்கப்பாக்கம். அதைத் தாண்டினால் பாலம். பாலத்துக்குக் கீழே ஓடுவதுதான் அரியாங்குப்பம் ஆறு.

இது தனி ஆறு அல்ல. செஞ்சிப் பக்கத்து மலைகளிலிருந்து வருகிறதே சங்கராபரணி, அதன் ஒரு கிளை. இன்னொரு கிளைக்குச் சுண்ணாம்பாறு என்று பெயர். இரண்டும் வங்கக் கடலில் போய்ச் சேருகின்றன.

பாலத்தைத் தாண்டியதும் அரியாங்குப்பம். அங்கிருந்து கிழக்கே வீராம்பட்டினம் போகும் சாலை பிரிகிறது. போகிற வழியில் காக்காயன்தோப்பு. அங்கே இடது பக்கம் திரும்பினால் அரிக்கமேடு. நேரே போனால் வீராம்பட்டினம், கடற்கரை.

தங்குவதற்குக் கவலை வேண்டாம். கடலூர் சாலையிலும், கடற்கரைப் பக்கம் சின்ன வீராம்பட்டினத்திலும் விடுதிகள் உண்டு. சின்ன வீராம்பட்டினம் கடற்கரைக்கு 2021ல் 'நீலக்கொடி' கிடைத்தது. கடற்கரை சுத்தமாகவும் பாதுகாப்பாகவும் இருந்தால் தருகிற உலகச் சான்று அது.

ஆனால் புறப்படுவதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. புதுச்சேரி அருங்காட்சியகத்தைப் பார்த்து விட வேண்டும். அரிக்கமேட்டு மணிகளும் ஓடுகளும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் மேட்டுக்குப் போவது, மாப்பிள்ளையைப் பார்க்காமல் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்புவது போல!

மணி விற்ற பிள்ளைகள்

அரிக்கமேட்டின் கதையைத் தொடங்கி வைத்தவர்கள் யார் தெரியுமா? சின்னப் பிள்ளைகள்!

மழை பெய்யும். ஆற்றங்கரை சரியும். மண்ணுக்குள்ளிருந்து சிவப்பும் நீலமும் பச்சையுமாக மணிகள் வெளியே வரும். பிள்ளைகள் பொறுக்குவார்கள்.

அந்தக் காலத்தில் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுப் பேராசிரியர் இருந்தார். ழூவோ துப்ரேய் என்று பெயர். பழைய கோயில் என்றால் அவருக்கு உயிர். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் சுண்ணாம்புக்குள் மறைந்து கிடந்த பல்லவர் ஓவியங்களை 1931ல் வெளி உலகுக்குக் காட்டியவர் அவர்தான்.

1937ல் அவர் பிள்ளைகளிடமிருந்து பழம்பொருள்களைக் காசு கொடுத்து வாங்கினார். அவற்றிலே ஒரு சிறு கல். அதிலே ஒரு மனிதனின் தலை செதுக்கப்பட்டிருந்தது. பேராசிரியர் உற்றுப் பார்த்தார். "இது ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் சீசர்!" என்றார்.

அகஸ்டஸ் எங்கே, காக்காயன்தோப்பு எங்கே! எல்லாரும் நம்பி விடுவார்களா?

நம்ப வைக்க இன்னும் எட்டு ஆண்டுகள் ஆயின. இடையே பிரெஞ்சுக்காரர்கள் அங்கும் இங்கும் தோண்டினார்கள். கிடைத்த ஓடுகளில் சில சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின.

1944ல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயர், இந்தியத் தொல்பொருள் இலாகாவின் தலைவராக வந்தார். சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரியைத் திறந்தார். அதிலே ஒரு ஜாடியின் உடைந்த துண்டு! அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோமாபுரியில் மது ஊற்றி வைக்கும் ஜாடி அல்லவா அது! "எங்கே கிடைத்தது?" என்று கேட்டார். "புதுச்சேரியில்" என்றார்கள். உடனே ரெயில் ஏறி விட்டார்.

அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சுக்காரர் மண்ணிலே ஆங்கிலேயர் தோண்ட வேண்டும். சம்மதம் கிடைத்தது. 1945ல் வீலர் அரிக்கமேட்டில் மண்வெட்டி போட்டார்.

தட்டு சொன்ன தேதி

அங்கே கிடைத்த பொருள்களில் மிகவும் முக்கியமானது தங்கம் அல்ல. உடைந்த தட்டு!

இத்தாலியில் அரெஸ்ஸோ என்று ஓர் ஊர். அந்த ஊர்ச் சிவப்புத் தட்டு அந்நாளில் பெயர் பெற்றது. செய்த குயவர்கள் தட்டின் அடியில் தங்கள் பெயரை முத்திரை குத்துவார்கள். அப்படிப்பட்ட முத்திரைகள் அரிக்கமேட்டில் கிடைத்தன. 'காமுரி', 'இட்டா' என்ற பெயர்கள் தெளிவாகத் தெரிந்தன.

அந்தத் தட்டுகள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டன என்பது ஐரோப்பாவில் முன்பே தெரியும். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் அவை நின்று போயின. ஆகவே அந்தத் தட்டோடு ஒரே மண் அடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானையும் ஏறக்குறைய அதே காலத்தது என்று சொல்லி விடலாம் அல்லவா?

இதற்கு முன்பு தென்னாட்டில் ஒரு பானை கிடைத்தால் அது நூறு வருஷத்துப் பானையா, ஆயிரம் வருஷத்துப் பானையா என்று சொல்வது கஷ்டம். அரிக்கமேட்டுத் தட்டு வந்த பிறகு அந்தக் கஷ்டம் குறைந்தது. அதே மாதிரிப் பானை வேறு ஊரில் கிடைத்தாலும் காலம் சொல்ல முடிந்தது.

ஆற்றோரத்தில் நூற்றைம்பது அடி நீளத்துக்கு ஒரு செங்கல் கட்டடம் கிடைத்தது. சரக்குக் கிடங்கு என்று வீலர் கருதினார். வடக்குப் பக்கத்தில் செங்கல் தொட்டிகள் இருந்தன. துணிக்குச் சாயம் போட்ட தொட்டிகள் என்றார். உறைகிணறுகள் இருந்தன. தமிழ் பிராமி எழுத்துக் கீறிய ஓடுகளும் இருந்தன.

வீலருக்குப் பிறகு 1947 முதல் 1950 வரை கசால் என்ற பிரெஞ்சுக்காரர் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற அம்மையார், சென்னைப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து தோண்டினார்.

அம்மையார் கண்டது என்ன? ரோமர் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது. ரோமர் வியாபாரம் ஓய்ந்த பிறகும் ஊர் இருந்தது. "அரிக்கமேடு ரோமாபுரிக்காரர்கள் கட்டிய ஊர்" என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். தவறு. ஊர் நம்முடையது. அவர்கள் வந்து தங்கிப் போனவர்கள்.

மணி செய்த கை

ஜாடிகளிலே கோஸ் என்ற கிரேக்கத் தீவின் மது வந்தது. ஆலிவ் எண்ணெய் வந்தது. மீன் சாறு கூட வந்தது! மீனுக்குப் பஞ்சமில்லாத ஊருக்கு மீன் சாறு எதற்கு என்று கேட்கலாம். ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர்ச் சாப்பாட்டில்தானே ஆசை! யவனர் கொண்டு வந்த மதுவைப் பற்றிச் சங்கப் பாடலும் பேசுகிறது.

இங்கிருந்து போனது என்ன? துணி போயிருக்கும். மணி நிச்சயமாகப் போயிற்று.

கண்ணாடியை உருக்கி, நடுவே துளை உள்ள நீண்ட குழாயாக இழுப்பார்கள். அந்தக் குழாயைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். மறுபடி சூடு காட்டினால் கூர் மழுங்கி உருண்டு விடும். ஒவ்வொரு மணியாகத் துளை போட வேண்டிய வேலையே இல்லை. ஒரே இழுப்பில் ஆயிரக்கணக்கில் மணி!

இந்த வித்தையை மிகப் பழங்காலத்திலேயே செய்த இடங்களில் ஒன்று அரிக்கமேடு. இதே வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசிய நாடுகளிலும் கிடைக்கின்றன. ஆந்திராவில் பாபநாயுடுபேட்டை என்ற ஊர்க்காரர்கள் நம் காலம் வரை இதே முறையில் மணி இழுத்து வந்தார்கள்.

கப்பல் வர இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? மாலை வேளையில் மேட்டில் நின்று பார்த்தால் தானாகப் புரியும். ஆறு அங்கே வளைந்து திரும்புகிறது.  கடல் பக்கத்திலேதான். ஆனால் அலையும் புயலும் உள்ளே வந்து தாக்காது. படகைக் கட்டி வைக்க இதை விட நல்ல இடம் வேண்டுமா?

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி கடல் வழிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினான். சோழ மண்டலக் கரையில் 'பொதுகே' என்று ஒரு துறைமுகத்தைக் குறித்து வைத்தான். அரிக்கமேடுதான் அது என்று வீலர் கருதினார். இன்றும் பலர் கருத்து அதுவே.

பீரங்கியும் வெள்ளிக் கிரகமும்

ரோமர் போனார்கள். ஊர் மண்ணுக்குள் போயிற்று. ஆனால் ஆற்றங்கரைக்கு வந்து தங்குகிறவர்கள் மட்டும் ஓயவில்லை.

1748. புதுச்சேரி, பிரெஞ்சு இந்தியாவின் தலைநகர். துய்ப்ளெக்ஸ் கவர்னர். ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் பெரிய கடற்படையோடு வந்து இறங்கினார். நகரத்துக்குள் புக வேண்டும். ஆனால் வழியில் அரியாங்குப்பம் கோட்டை நின்றது.

சின்னக் கோட்டைதானே என்று பாய்ந்தார்கள். முதல் தாக்குதலில் தோற்றார்கள். ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற பேர் போன ஆங்கில மேஜரே பிடிபட்டார்! பிறகு வெடிமருந்து வெடித்ததால் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை விட்டுப் பின்வாங்கினார்கள். ஆனால் ஆங்கிலேயருக்கு நாள் கழிந்து விட்டது. மழைக்காலம் வந்து விட்டது. அக்டோபரில் மூட்டை கட்டிக் கொண்டு போனார்கள். தலைநகரைக் காப்பாற்றியதில் புறநகருக்கும் பங்கு உண்டு.

அடுத்து வந்தவர் சண்டைக்காரர் அல்ல. லெ ஜாந்தி என்ற வான சாஸ்திரி. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் போவதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து புறப்பட்டார். 1761ல் பார்க்க வேண்டியது. புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்து விட்டதால் இறங்க முடியவில்லை. ஆடுகிற கப்பலில் இருந்து அளவு எடுக்க முடியுமா? அடுத்த தடவை 1769ல்தான். எட்டு ஆண்டுகள் ஊருக்குத் திரும்பாமல் காத்திருந்தார்!

1769 ஜூன் மாதம். புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக இருந்தார். அன்று காலை பார்த்து மேகம் மூடிக் கொண்டது. பாவம்! 1771ல் பிரான்சுக்குத் திரும்பினால், அவர் செத்து விட்டார் என்று சொத்தைப் பங்கு போட ஏற்பாடு நடந்து கொண்டிருந்தது.

வானத்தில் கிடைக்காதது மண்ணில் கிடைத்தது. ஆற்றங்கரையில் ஜனங்கள் பெரிய பெரிய பழஞ்செங்கற்களைப் பெயர்த்து எடுப்பதைப் பார்த்து அவர் எழுதி வைத்தார். "வீரராகவ ராஜாவின் கோட்டைச் செங்கல்" என்று ஊரார் சொன்னார்களாம்.

அதே காலத்தில், 1770களில், பிஞோ தெ பெஹேன் என்ற பாதிரியார் வந்தார். தூரக் கிழக்கு நாடுகளில் கலகம் ஏற்பட்டதால், அங்கே நடந்து வந்த குருமடத்தை மாணவர்களோடு இங்கே கொண்டு வந்தார். சயாம், கொச்சின்சீனா என்று பல நாட்டு இளைஞர்கள் வீராம்பட்டினம் ஆற்றங்கரையில் பாடம் படித்தார்கள்! புதுச்சேரியில் இருந்தபோது அவர் வியட்நாமிய மொழிக்கும் லத்தீனுக்கும் ஓர் அகராதி தொகுத்தார். பின்னால் வந்த வியட்நாமிய அகராதிக்கு அது அடிப்படை ஆயிற்று.

அந்தக் குருமடத்தின் மிச்சம்தான், பார்ப்பவர்கள் அலட்சியமாகச் சொல்லும் குட்டிச் சுவர்!

எத்தனை நாள் தாங்கும்?

அரிக்கமேடு என்ற பெயர் எப்படி வந்தது? ஆறு அரிக்கின்ற மேடு என்பதால் வந்தது என்று பலர் சொல்கிறார்கள். பெயருக்குக் காரணம் எதுவாக இருந்தாலும், அரிப்பது உண்மை.

ஆற்றுக்கு மட்டும் பழி போடக் கூடாது. நூற்றாண்டுக் கணக்கில் மனிதனும் எடுத்திருக்கிறான். லெ ஜாந்தி கண்ட செங்கற்கள் எத்தனை வீட்டுச் சுவருக்குள் போயினவோ! கிணறு தோண்டியபோதும் குழி பறித்தபோதும் எத்தனை போயினவோ! துப்ரேய் விலைக்கு வாங்கியவை பிழைத்தன. மற்றவர்கள் வாங்கியவை எங்கே?

இப்போது அந்த இடம் இந்தியத் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில், பட்டுப் பாதை இடங்களில் ஒன்றாக, 2010ல் அரிக்கமேடும் சேர்க்கப்பட்டது. பட்டியலில் பெயர் ஏறினால் மழையில் கரை சரியாமல் இருந்து விடுமா?

ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு மேட்டுக்குப் போகிறவர்கள் காலடியைப் பார்த்து நடக்க வேண்டும். கறுப்பு ஓடும் சிவப்பு ஓடும் மண்ணில் தெரியலாம். பிள்ளைகள் ஒரு மணியைக் கண்டு விட்டால் சந்தோஷம்தான். பார்க்கட்டும். ஆனால் சட்டைப் பையில் போடக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இடத்தில் எடுப்பது சட்டப்படி குற்றம். அது மட்டும் அல்ல. எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் மணி பேசும். பையில் போட்டு விட்டால் அது வெறும் பாசி!

போகிறவர்கள் குடிநீர் எடுத்துக் கொள்வது நல்லது. மேட்டில் கடை கிடையாது. முள் இருப்பதால் செருப்பு அவசியம். வெயில் தாழ்ந்த பிறகு போனால் குழந்தைகளுக்குக் களைப்பு இராது.

வீராம்பட்டினத்தில் விடியல்

இரவு தங்கினால் காலையில் அதன் பலன் தெரியும். இருள் பிரியும் நேரத்தில் வீராம்பட்டினம் கடற்கரையில் நிற்க வேண்டும். படகுகள் கரைக்கு வரும். வலையை உதறுவார்கள். நெத்திலி, சங்கரா, கானாங்கெளுத்தி எல்லாம் துள்ளும். கூடையோடு பெண்கள் காத்திருப்பார்கள். ஏலம் சூடு பிடிக்கும். விலை கேட்கத் தெரிந்த அத்தைமார்களுக்கு இதை விடப் பெரிய வேடிக்கை கிடையாது!

அந்த ஊரில் செங்கழுநீர் அம்மன் கோயில் இருக்கிறது. கோயில் வரலாறு சுவையானது. வீரராகவர் என்ற மீனவர் ஓடையில் வலை வீசினார். மீனுக்குப் பதில் மரக்கட்டை ஒன்று வந்தது. விறகுக்கு ஆகட்டும் என்று அதைப் பிளக்கப் போனபோது கட்டையிலிருந்து ரத்தம் வந்ததாம். அந்தக் கட்டையே அம்மன் என்று கண்டு கோயில் எழுப்பினார்கள் என்பது ஊரார் நம்பிக்கை.

வீரராகவர்! லெ ஜாந்தியிடம் ஊரார் சொன்ன ராஜாவின் பெயரும் அதுதான். ராஜாவும் மீனவரும் ஒருவரா, வேறு வேறா? யார் கண்டது! பெயர் மட்டும் இருநூற்றைம்பது ஆண்டுகளாக அந்தக் கரையை விட்டு நகரவில்லை.

ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளிக்கிழமை இங்கே தேர்த் திருவிழா. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். 1954ல் பிரெஞ்சு ஆட்சி போயிற்று. வழக்கம் போகவில்லை. துணைநிலை ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கி வைப்பது இன்றைய வழக்கம். ஆடியில் தங்க நினைப்பவர்கள் முன்கூட்டியே இடம் பார்த்து வைக்க வேண்டும். அன்று வீராம்பட்டினத்தில் எள் போட்டால் எள் விழாது.

திரும்பும் வழியில் பிள்ளைகளைச் சுண்ணாம்பாறு படகுத் துறைக்கு அழைத்துப் போகலாம். கடலூர் சாலையில் நோணாங்குப்பத்தில் இருக்கிறது. படகு ஆற்று வழியே கடல் வரை போய் மணல் திட்டில் இறக்கி விடும். இருபுறமும் அலையாத்தி மரங்கள் வேரைத் தண்ணீருக்குள் விட்டுக் கொண்டு நிற்கும்.

அந்த மரங்களின் வேர் ஆற்று மண்ணை இறுக்கிப் பிடித்துக் கொள்ளும். படகில் போகும்போது அதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அரிக்கமேட்டுக் கரையில் எங்கே மரம் இருக்கிறது, எங்கே மண் மட்டும் இருக்கிறது என்று முந்தின நாள் மாலை பார்த்த பிள்ளைகள், அவர்களே கணக்குச் சொல்லி விடுவார்கள்.